பத்தரை மணிச் சாப்பாட்டை முதலில் மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு ஆறு மாதம் முடியப்போகிறது. உயரம் 158 செ.மீ.; கருவுறும் முன் 66 கிலோ இருந்தேன், இப்போது 78. நடக்கச் சொல்கிறார் டாக்டர். அலுங்காமல் இரு, இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்கிறார் மாமியார். கணவர் கடையை அடைத்துவிட்டு வந்ததும் பத்தரை மணிக்குச் சேர்ந்து சாப்பிடுவோம். அதுவரை முறுக்கு, பிஸ்கட் என்று எதையாவது கொறிப்பேன். எடை குறைய என்ன உடற்பயிற்சி செய்யலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உடற்பயிற்சி இருக்கட்டும், அந்தப் பத்தரை மணிக்கு வருகிறேன். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு மாலை முழுவதும் பசித்திருந்து, அந்தப் பசியை மாவாலும் எண்ணெயாலும் சர்க்கரையாலும் அடக்கி, பிறகு வயிறு நிறையச் சோறு உண்டு உடனே படுக்கப் போகிறீர்கள். இதைக் கணவர்மீதுள்ள அன்பு என்று எண்ணுகிறீர்கள் போலும். நான் அப்படி எண்ணவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் முதல் தட்டு அவளுக்குத்தான் வைக்க வேண்டும். மருமகளை நடக்கவிடாமல் காக்கிற மாமியாருக்கு, அவள் இரவு பத்தரை வரை சாப்பிடாமல் இருப்பது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? கணவரும், தமக்காக அவள் காத்திருக்கிறாள் என்று தெரிந்தே ஆறு மாதம் விட்டிருக்கிறார். நாளையிலிருந்து ஏழரைக்குச் சாப்பிடுங்கள். அவர் வந்ததும் அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் போதும்.

கர்ப்ப காலத்தில் எடையைக் குறைக்க முயலக் கூடாது, ஏறும் வேகத்தைத்தான் மட்டுப்படுத்த வேண்டும். உங்கள் உயரத்துக்கு 66 கிலோ என்பதே சற்று அதிகம் என்பதால், பிரசவம் வரை 7 முதல் 11.5 கிலோ வரை கூடினால் போதுமானது. நீங்கள் இப்போதே அதைத் தாண்டிவிட்டீர்கள். இரண்டு உயிருக்கு இரு மடங்கு சோறு தேவையில்லை. இந்த மாதங்களில் கூடுதலாக வேண்டியது நாளுக்கு ஏறக்குறைய 350 கலோரி, அதாவது இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் பால். முறுக்கு டப்பாவை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, உதிரப்போக்கு இருந்தாலோ டாக்டர் உங்களை நடக்கச் சொல்லியிருக்க மாட்டார். ஆகவே வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் நடங்கள். காலையில் பாதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பாதி என்று பிரித்துக்கொண்டாலும் சரிதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள். தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வலி, ரத்தக் கசிவு, நீர்க்கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடிதத்தில் சர்க்கரைப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். 140-ஐத் தொட்டால் அது கர்ப்ப கால நீரிழிவு. இன்னும் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ஒரு நாள் காலை கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, உங்கள் கணவர் உடன் வரட்டும்.