பீடத்துக்குப் போகும் வழியில் ஒரு வீடு

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவர் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியில்) கமிட்டித் தேர்தல் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று பிரிந்த இரண்டு அணியும் இன்னும் சேரவில்லை. பாடகர் குழுவில் பாதிப் பேர் வருவதில்லை. பள்ளி நியமனத்தில் தொடங்கிய பேச்சு காவல் நிலையம்வரை போய்விட்டது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் பொது விருந்தான அசனத்தில் இந்த முறை ஒரு பக்கத்தார் உட்காரவே இல்லை. என் சித்தப்பா மகன் எதிரணி. கோயில் வாசலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சமாதானமாக இருங்கள் என்று எங்கள் குருவானவர் ஐயர் வாரந்தோறும் பிரசங்கிக்கிறார். ஒன்றும் மாறவில்லை. டவுனில் உள்ள ஜெபவீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார்கள் வீட்டில். என்ன செய்வது?

ஒரு வாசகர், தென் தமிழகம்

அன்புள்ள தம்பி,

காவல் நிலையத்தைவிட அந்த அசனம்தான் என்னை அதிகம் வருத்தியது. ஊரெல்லாம் ஆடும் அரிசியும் கொடுத்து ஆக்கிய சோற்றின் முன்னால் பாதி ஊர் உட்காரவில்லை என்றால், காயம் ஆழமானதுதான்.

மத்தேயு 5:23, 24 நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அதில் ஒரு சொல்லை வேகமாகக் கடந்துவிடுகிறோம். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால் என்கிறார். யார் பக்கம் நியாயம் என்ற விசாரணையே அங்கே இல்லை. நினைவு வந்தவன் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் அந்தச் சகோதரனோடு ஒப்புரவாக எழுந்து போக வேண்டும்.

என் அம்மாவுக்கும் அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் காம்பவுண்டுச் சுவர் விஷயத்தில் நான்கு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு திருவிருந்து ஞாயிறு, அப்பமும் ரசமும் வாங்க எங்கள் வரிசை எழுந்தபோது அம்மா மட்டும் எழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். பெரியம்மா காய்ச்சலாகப் படுத்திருந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “நான் அன்றைக்குப் பேசியது தப்பு அக்கா” என்றார். அவ்வளவுதான். பெரியம்மா வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, “பிள்ளைக்குக் காப்பி போடு, பால் உறியில் இருக்கிறது” என்றார். அம்மாவுக்கு அன்று திருவிருந்து கிடைக்கவில்லை. சுவர் இன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

நம் தென்னிந்தியத் திருச்சபையும் (சி.எஸ்.ஐ.) இப்படி எழுந்துபோனவர்களால் உண்டானதுதான். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று மூன்று மரபுகள். பேராயர் கைவைத்துக் குருப்பட்டம் பெறாத குருமாரின் பட்டம் செல்லுமா என்பதிலேயே பேச்சு பல வருடம் முட்டி நின்றது. மறுபடி பட்டம் கொடுக்க வேண்டாம், அவரவரை இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வோம் என்று கடைசியில் முடிவாயிற்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயிண்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றானார்கள். அசரியா அதைக் காணவில்லை, 1945-இலேயே காலமாகிவிட்டார். ஆந்திராவின் நந்தியால் பகுதியில் பலர் சேரவும் மறுத்தார்கள். எல்லோரும் ஒத்துவரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

அந்தச் சபை வகுத்த ஆராதனை முறைமையில் சமாதானம் கையிலிருந்து கைக்குப் போகும். ஒருவர் வலது உள்ளங்கை மற்றவரின் வலது உள்ளங்கையோடு சேரும். இருவரும் இடக்கையால் அதைப் பொத்திக்கொள்வார்கள். பீடத்தில் தொடங்கிக் கடைசி வரிசைவரை அது வர வேண்டும். பல கோயில்களில் இன்று அது நின்ற இடத்திலிருந்து போடும் கும்பிடாகிவிட்டது. கும்பிட்டால் பக்கத்தில் போக வேண்டியதில்லை அல்லவா?

உங்கள் ஐயரிடமும் ஒன்று சொல்லுங்கள். பணமும் பதவியும் நியமனமும் கிளப்பிய சண்டை பிரசங்கத்தால் மட்டும் ஆறாது. சேகரக் கணக்கைச் சபை முன்னால் வரி வரியாக வாசிக்க வேண்டும். வேலை யாருக்கு, எதனால் கொடுக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அநியாயம் நடந்திருந்தால் அதைத் திருத்தாமல் ‘சமாதானம், சமாதானம்’ என்பவர்களை எரேமியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டிருக்கிறார்.

ஜெபவீட்டுக்குப் போவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போவதற்கு முன்னால் உங்கள் சித்தப்பா வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். அடுத்த திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் தனியாகப் போங்கள். தேர்தல் பேச்சை எடுக்க வேண்டாம். உங்கள்மேல் அவனுக்கு என்ன குறை என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள். கதவைத் திறக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.