குடைமிளகாய்க் குடிலுக்கு கேஸ் சிலிண்டர் தேவையா?

கேள்வி: ஓசூர் பக்கம் 25 சென்ட்டில் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் தாள் வேய்ந்த குடில்) போட்டுக் குடைமிளகாய் வைத்திருக்கிறேன். உள்ளே கார்பன் டை ஆக்சைடு விட்டால் மகசூல் கூடும் என்று ஒருவர் சிலிண்டர், குழாய் எல்லாம் சேர்த்து விலை சொல்கிறார். வாங்கலாமா? பக்கத்துக் காட்டுக்காரர் தன் மக்காச்சோளத்துக்கும் உதவுமா என்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம். ஆனால் அவர் சொல்கிற வேதியியல் பொய்யில்லை.

இலைக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, சர்க்கரை செய்யும் வேலையைத் தொடங்கி வைப்பது ரூபிஸ்கோ என்ற நொதி. மகா மந்தம், ஒரு நொடிக்கு மூன்று, நான்கு மூலக்கூறுதான் பிடிக்கும். போதாக்குறைக்கு ஆள் மாறாட்டம் வேறு, ஆக்சிஜனையும் பிடித்துவிடும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்; கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 420 பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கார்பன் டை ஆக்சைடைப் பிடித்தால் மூன்று கார்பன் உள்ள அமிலம் இரண்டு கிடைக்கும். ஆக்சிஜனைப் பிடித்தால் ஒன்றுதான் தேறும். மிச்சம் இரண்டு கார்பன் உள்ள ஒரு வேண்டாத பொருள். அதைச் சரிக்கட்டச் செடி சக்தியைச் செலவழிப்பதோடு, முன்பே சேர்த்த கார்பனிலும் கொஞ்சம் இழக்கிறது. இதுதான் ஒளிச்சுவாசம். வெப்பம் ஏற ஏற இந்த நஷ்டமும் ஏறும்.

குடிலுக்குள் 800, 1,000 பங்கு என்று ஏற்றினால் ஆக்சிஜனுக்கு இடம் குறையும், ஒளிச்சேர்க்கை கூடும். நெதர்லாந்தில் 2005 முதல் ரோட்டர்டாம் துறைமுகப் பகுதி ஆலையிலிருந்து குழாய் வழியாகவே கண்ணாடிக் குடில்களுக்கு இந்த வாயு போகிறது. அது குளிர் நாடு. குடிலை மூடி வைக்க முடியும். நம் ஊரில் பத்து மணிக்குக் குடிலின் பக்கத்திரையை மூடி வைத்தால் செடி வெந்துவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். உங்கள் குடிலின் சராசரி உயரம் 5 மீட்டர் என்றால் உள்ளே சுமார் 5,000 கன மீட்டர் காற்று. அதில் 400 பங்கு கூட்ட மூன்றரைக் கிலோ வாயு போதும். சரி, மலிவுதானே? ஆனால் பக்கத்திரை திறந்திருக்கும்போது மணிக்கு 20 தடவை காற்று மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 70 கிலோ வேண்டும். 30 கிலோ சிலிண்டர் அரை மணி நேரம்கூட வராது. ஊருக்கே உரம் போட்ட மாதிரி.

உங்கள் பயிருக்கு உண்மையான பற்றாக்குறை இலைக்குள்ளேதான். மதியம் காற்று காய்ந்து கிடந்தால் செடி இலைத்துளைகளைச் சுருக்கிக்கொள்ளும். வெளியே 420 பங்கு இருந்தாலும் ரூபிஸ்கோவுக்கு எட்டாது. சிலிண்டர் காசில் ஃபாகரை (பனிபோல நீர் தூவும் கருவி) சரிபாருங்கள், சொட்டுநீரைப் பிரித்து ஒரு தடவை மதியத்துக்கு முன்பே விடுங்கள், கூரைத் தாளில் படிந்த தூசியைக் கழுவுங்கள். வெளிச்சம் குறைந்தால் எவ்வளவு வாயு விட்டும் பயனில்லை.

அப்புறம், காலைத் திரை. இரவில் செடியும் மண்ணும் விட்ட கார்பன் டை ஆக்சைடு விடியும்போது உள்ளே தேங்கியிருக்கும். வெயில் வந்ததும் செடி அதை வேகமாக இழுத்து, மூடிய குடிலில் வெளிக்காற்றைவிடக் கீழே கொண்டுபோய்விடும். கையடக்க மீட்டர் ஒன்று வாங்கி நாலு நாள் பாருங்கள். அளவு 400-க்கு இறங்கும் நேரம்தான் திரையைத் தூக்கும் நேரம். சூடு முந்திக்கொண்டால் அதற்கு முன்பே தூக்கிவிடுங்கள். உள்ளே கரியோ மண்ணெண்ணெயோ எரித்துப் பார்க்காதீர்கள். அரைகுறையாக எரிந்தால் எத்திலீன் வந்து பூ கொட்டும், கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும்.

மக்காச்சோளக்காரருக்கு: தண்ணீர் குறையாதவரை பலன் இராது. சோளம், கரும்பு போல மக்காச்சோளமும் வேறொரு நொதியால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, உள்ளறையில் திரட்டிய பிறகே ரூபிஸ்கோவிடம் கொடுக்கிறது. அவர் கேட்கிற சிலிண்டர் அந்தச் செடிக்குள்ளேயே இருக்கிறது.