ஸ்லைடு கையில் இருக்கும்போது வகுப்புக்கு ஏன் போக வேண்டும்?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் பி.காம் முதலாண்டு படிக்கிறேன். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டைத் தாண்டிவிட்டதால் என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி கிடைக்கவில்லை. கட்டணம் முழுக்க அப்பாதான் கட்டுகிறார். சாட்ஸ்வொர்த்திலிருந்து போய்வர டாக்ஸிச் செலவு வேறு. ஸ்லைடெல்லாம் மூடில் என்ற பாட இணையதளத்தில் வந்துவிடுகிறது. வீட்டிலிருந்தே படித்தால் பணம் மிச்சமாகாதா?

பதில்: டாக்ஸிக் காசை மட்டும் பார்த்தால் மிச்சம்தான், தம்பி. ஆனால் அப்பா பணம் கட்டியது ஸ்லைடுக்காக இல்லை.

உங்கள் மாட்யூலுக்கு, அதாவது ஒவ்வொரு தாளுக்கும், எத்தனை கிரெடிட் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒரு கிரெடிட் என்றால் பத்து மணி நேரப் படிப்பு. 16 கிரெடிட் என்றால் 160 மணி நேரம். வாரம் நான்கு வகுப்பு வீதம் பதின்மூன்று வாரம் போனாலும் 52 மணி நேரம்தான் ஆகும். மீதி நூற்றுச் சொச்ச மணி நேரம் நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டியது. அந்த நேரத்தில் எதைப் படிப்பது, எதை விடுவது, லெக்சரர் எந்தக் கணக்கை இரண்டு தடவை போட்டுக் காட்டினார் என்பதெல்லாம் வகுப்பில்தான் தெரியும்.

வெறுமனே ஸ்லைடைப் படித்துக் காட்டும் ஆசிரியர்களும் உண்டு, மறுக்கவில்லை. அந்த வகுப்பை எப்போதாவது விட்டால் பெரிய நஷ்டம் இல்லை. சிறு குழுவாக உட்கார்ந்து பயிற்சி செய்யும் டுடோரியலை மட்டும் விடவே விடாதீர்கள். உங்கள் கணக்கை உங்கள் கண் முன்னால் திருத்துகிற இடம் அது ஒன்றுதான். போகும்போது கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. டுடோரியலுக்கு வராவிட்டால் டி.பி., அதாவது பரீட்சை எழுதும் தகுதி, போய்விடும் மாட்யூல்களும் உண்டு. டி.பி. இல்லையென்றால் பரீட்சையே எழுத முடியாது. கட்டிய பணம் அப்படியே போய்விடும்.

அப்புறம், லெக்சரர் கதவில் ஆலோசனை நேரம் என்று ஒட்டியிருப்பார்களே, அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் போவதில்லை. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். அதுவும் நீங்கள் கட்டிய பணத்தில் சேர்ந்ததுதான். முதல் டெஸ்ட் தாள் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு போய், "மூன்றாவது கேள்வியில் எனக்கு எங்கே மார்க் போனது?" என்று கேளுங்கள். கால் மணி நேரம் போதும். 'எனக்குப் புரியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவராலும் உதவ முடியாது.

பாடப்புத்தகத்தைப் புதிதாக வாங்குமுன் நூலகத்தில், குறுகிய நேரத்துக்குப் புத்தகம் இரவல் தரும் ஷார்ட் லோன் பிரிவில் கேட்டுப் பாருங்கள். பழைய வினாத்தாள்களும் கேளுங்கள்.

செலவு உண்மையில் ஏறுவது பெயிலானால்தான். அந்த மாட்யூலுக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். அதோடு போகாது: முதல் கணக்கியல் தாளில் தேறாவிட்டால் அடுத்த தாளில் சேர விடாமல் போகலாம். விட்ட தாளை அடுத்த ஆண்டுதான் நடத்துவார்கள் என்றால், ஒரே தாளுக்காகப் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அந்த வருஷத்து டாக்ஸிச் செலவையும், சம்பாதிக்காமல் போன சம்பளத்தையும் கூட்டிப் பாருங்கள்.

சரி, ஒரு மாட்யூல் ஒத்தே வரவில்லை என்றால்? கட்டணம் ஏறாமல் விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் எழுதிக் கொடுத்து விலகிவிடுங்கள். வகுப்புக்குப் போகாமல் இருப்பது விலகியதாக ஆகாது, முழுக் கட்டணமும் உங்கள் பெயரில் ஏறிவிடும். தேதி பல்கலைக்கழக நாட்காட்டியில் இருக்கும், இன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.