நீச்சல் குளத்திலிருந்து கடற்படைக்கு: கேள்வி பதில்

பள்ளி நாட்களில் டர்பனில் போட்டி நீச்சல் வீராங்கனையாக இருந்து, பின்னர் தென்னாப்பிரிக்கக் கடற்படையில் அதிகாரியாகப் பணியாற்றிய நம் பள்ளியின் முன்னாள் மாணவி, மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

பள்ளி அணியில் பட்டாம்பூச்சி நீச்சல் நீந்துகிறேன், அக்கா. என் பதக்கங்கள் கடற்படையில் சேர உதவுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, சாட்ஸ்வொர்த்)

உடற்தகுதித் தேர்வில் உன் உழைப்பு கைகொடுக்கும், தங்கையே. ஆனால் விண்ணப்பத்தில் முதலில் பார்க்கப்படுவது மதிப்பெண் பட்டியல்தான். போர்ப்பிரிவு அதிகாரியாக விரும்புகிறவர்கள் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக்கில் கணிதமும் இயற்பியல் அறிவியலும் படித்திருக்க வேண்டும். கணிதத்துக்குப் பதிலாக எடுக்கும் எளிய பாடமான மேத்தமெட்டிக்கல் லிட்டரசி அதற்கு ஈடாகாது. அடுத்த ஆண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை மனத்தில் வைத்துக்கொள். காலைப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்று கணிதத்தைக் கைவிட்ட நல்ல நீச்சல்காரிகளை நான் அறிவேன், அவர்களைத் தடுக்க அப்போது யாரும் இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமே. பெரும்பாலோர் சேரும் இரண்டாண்டு ராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டத்திற்கு வயது 18 முதல் 22 வரை, பட்டதாரிகளுக்கு 26 வரை. அடிப்படைப் பயிற்சி சல்டானாவில். அதிகாரிகளாகத் தேர்வானவர்களுக்குக் கோர்டன்ஸ் பேயில் உள்ள கடற்படைக் கல்லூரி.

வேகமாக நீந்துகிறவர்களுக்குக் கடலில் ஆபத்து குறைவுதானே? (மாணவன், ஃபீனிக்ஸ்)

அப்படி நம்புகிறவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. டர்பன் கடல் அகுல்யாஸ் நீரோட்டத்தால் இதமாக இருப்பதால், நம் பிள்ளைகளுக்குக் குளிர்நீர் என்றால் என்னவென்றே தெரிவதில்லை. சல்டானா இருக்கும் மேற்குக் கரையிலோ பெங்குவேலா நீரோட்டம் நீரைச் சில்லிட வைத்திருக்கிறது. அதில் திடீரென விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு தன் கட்டுப்பாட்டில் இராது. வாயைத் திறந்து இழுக்கும் அந்த மூச்சோடு தண்ணீரும் போனால், எத்தனை பதக்கம் வாங்கியவரும் மூழ்கிவிடுவார். மூச்சு சீரானாலும் சில நிமிடங்களில் விரல்கள் மரத்து, கயிற்றைப் பிடிக்கும் வலு போய்விடும். ஆகவே கப்பலைக் கைவிடும் பயிற்சியில் நீந்துவதற்கு முன்பே குதிக்கக் கற்றுத் தருகிறார்கள்: ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறுகையை மார்புக்குக் குறுக்கே கொடுத்து உயிர்காப்பு அங்கியை அழுத்திப் பிடித்து, கீழே பாராமல் தொடுவானத்தைப் பார்த்தபடி ஓர் எட்டு எடுத்து வைக்க வேண்டும். நீரில் விழுந்தபின் முழங்கால்களை மார்போடு மடக்கி அசையாமல் மிதக்க வேண்டும். தண்ணீர் பட்டவுடன் பாய்ந்து நீந்தப் பழகிய உடலுக்கு இதுதான் மிகக் கடினமான பாடம்.

பெண் பிள்ளையை நம்பி அனுப்பலாமா, அம்மா? (ஒரு தந்தை, டோங்காட்)

ஆபத்தில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. 2023 செப்டம்பர் 20 அன்று கேப் டவுன் பக்கத்துக் கொம்மெக்கி அருகே மந்தாதிசி நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் ஹெலிகாப்டரோடு பணி நடந்துகொண்டிருந்தபோது அலை அடித்துச் சென்றதில் மூவர் இறந்தனர்; அவர்களில் ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் நிலையிலிருந்த பெண் அதிகாரி. அதே கடற்படையில்தான் 2015இல் ஜிமாசா மபேலா என்ற பெண் அதிகாரி உம்ஹ்லோட்டி என்னும் கப்பலின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இரண்டையும் மகளிடம் சொல்லிவிட்டு, முடிவை அவளிடம் விடுங்கள்.

புரட்டாசி விரதம் இருக்க முடியுமா? (ஒரு தாயார், மெரிபேங்க்)

கரையில் இருக்கும்போது முடியும். கடலில் சமையல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவரும் தம்மால் இயன்றதைச் செய்வார். சில நாள் சோறும் பீன்ஸுமாகவே கழியும்.

எங்கள் காலத்தில் நம்மவர்களுக்கு இதில் இடமிருந்ததா? (ஒரு பெரியவர், இசிப்பிங்கோ)

தனியாக ஒதுக்கப்பட்ட இடம் இருந்தது, தாத்தா. டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் பழைய கடற்படைக் கட்டடங்களில் 1961இல் இந்தியர்களுக்கென்று பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அது வெஸ்ட்வில்லுக்கு மாறிய சில ஆண்டுகளில், 1975இல், அதே தீவில் இந்தியத் தொண்டர்களுக்கான கடற்படைப் பயிற்சி நிலையம் வந்தது. ஜலசேனா என்று பெயர். நிறவெறி அரசின் படையில் சேரலாமா என்று அன்று பல வீடுகளில் சச்சரவு மூண்டதில் எனக்கு வியப்பில்லை. கடற்கரையில்கூட நமக்குத் தனிப்பகுதி குறித்த அரசு அது.

இப்போதே எப்படித் தயாராவது? (மாணவி, சாட்ஸ்வொர்த்)

குளத்தின் கோடுகளை விட்டு வெளியே வா. ஹோவிக் அருகே மிட்மார் அணையில் 1974 முதல் நடந்துவரும் ஒரு மைல் நீச்சலில் கலந்துகொள். கலங்கிய நீரில், இடிபட்டுக்கொண்டு, தலையைத் தூக்கித் திசை பார்த்து நீந்தப் பழகுவாய். பயிற்றுநர் உடனிருக்கும்போது மட்டும், உடுப்போடு ஒரே இடத்தில் மிதந்து பார்.