படித்தும் தேறாதது ஏன்? நெட்வொர்க் சான்றிதழ் கேள்வி-பதில்

கே: சிஸ்கோ நிறுவனத்தின் தொடக்கநிலை நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ முதல் தடவையிலேயே தேறினேன். அடுத்த நிலையான சிசிஎன்பி-க்கு என்கோர் என்ற மையத் தாளும் முடிந்தது. ஆனால் மேம்பட்ட ரவுட்டிங் பற்றிய எனார்சி தாளில் (300-410) இரண்டு முறை தோற்றுவிட்டேன். பாடம் முழுக்கப் படித்தும் ஏன் இப்படி?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

ப: என்கோர் (350-401) தேறிய உழைப்பு வீண் போகவில்லை. அதற்கென்றே தனிச் சான்றிதழ் உண்டு. உங்கள் சிசிஎன்ஏவும் அதோடு மூன்று ஆண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்கும்.

எனார்சி 90 நிமிடத் தாள். அதில் 35 சதவீதம் ரவுட்டிங், அதாவது தரவு போகும் பாதையைத் தேர்வது. ரவுட்டர்கள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை என்றால் என்ன என்று அங்கே கேட்பதில்லை. ஓர் அவுட்புட்டைக் காட்டி, பழுது எங்கே என்று கேட்பார்கள். நன்றாக ஓடும் நெட்வொர்க்கை மட்டுமே கட்டிப் பழகியவருக்குப் பழுதான நெட்வொர்க் எப்படி இருக்கும் என்று தெரியாது. உங்கள் சிக்கலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஓஎஸ்பிஎஃப் நெய்பர் (அடுத்த ரவுட்டருடனான உறவு) எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே, அதாவது தகவல் பரிமாற்றம் தொடங்கும் கட்டத்திலேயே, நின்றால் முதலில் இருபுற எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பாருங்கள். ஒருபுறம் 1500, மறுபுறம் 1400 என்றால் ரவுட்டர்கள் ஒன்றையொன்று அறிய அனுப்பும் ஹலோ பாக்கெட் சிறியது, போய்விடும். அடுத்து வரும், தன் தகவல் பட்டியலைச் சுருக்கிச் சொல்லும் டிபிடி பாக்கெட்டில் எம்டியூ அளவு எழுதியிருக்கும். தன்னுடையதைவிடப் பெரிய அளவைக் கண்ட ரவுட்டர் அதை ஏற்காது. அதற்கும் முந்தைய இனிட் நிலையில் நின்றால் ஹலோ ஒருவழியாகத்தான் போகிறது. ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) தடுக்கிறதா பாருங்கள். இருபுறமும் ஹலோ கேட்ட டூ-வே நிலையைக் கண்டதும் பழுது என்று முடிவு கட்டாதீர்கள். ஈதர்நெட்டில் டிஆர் (அந்த இணைப்பின் தலைமை ரவுட்டர்), பிடிஆர் (அதற்கு மாற்று) அல்லாத இரண்டு ரவுட்டர்களுக்கு இடையே அதுதான் இயல்பு.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ரீடிஸ்ட்ரிபியூஷனில், அதாவது ஒரு நெறிமுறையின் ரூட்களை (பாதைகளை) மற்றொன்றுக்குள் தள்ளுவதில். இஐஜிஆர்பி என்ற இன்னொரு ரவுட்டிங் நெறிமுறைக்கும் ஓஎஸ்பிஎஃப்-க்கும் நடுவே இரண்டு ரவுட்டர்கள் இருபுறமும் ரூட்களை மாற்றுகின்றன என்று வையுங்கள். இஐஜிஆர்பி எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வந்த) ரூட்டின் ஏடி, அதாவது நம்பகத்தன்மை எண், 170; ஓஎஸ்பிஎஃப் 110. சிறிய எண்ணையே ரவுட்டர் நம்பும். முதல் ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப்-க்குள் தள்ளிய அதே ரூட்டை இரண்டாவது ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் வழியாகக் கேட்டு, 110 சிறியது என்று அதையே நம்பி, மறுபடி இஐஜிஆர்பி-க்குள் அனுப்பிவிடும். ரூட் வட்டமடிக்கும். தள்ளும்போதே ரூட்-மேப்பில் (ரூட்களை வடிகட்டும் விதிப் பட்டியல்) ஒரு டேக் (அடையாள எண்) வையுங்கள். திரும்பும் பக்கத்தில் அந்த டேக்கை டினை (தடை) செய்யுங்கள். அதன்பின் கடைசியில் ஒரு பெர்மிட் (அனுமதி) வரி போட மறந்தால் எல்லா ரூட்டும் நின்றுபோகும். ஓஎஸ்பிஎஃப் ரூட்களை இஐஜிஆர்பி-க்குள் கொண்டுவரும்போது மெட்ரிக் (பாதையின் மதிப்பீட்டு எண்) கொடுக்காவிட்டாலும் எதுவும் உள்ளே வராது.

அடுத்த முயற்சிக்கு முன், நான்கு ரவுட்டர்களைக் கட்டி நண்பர் ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் மூன்று இடத்தில் அவர் கெடுக்கட்டும். ரன்னிங் கான்ஃபிக் (ரவுட்டரின் நடப்பு அமைப்பு) பார்க்காமல், நிலையைக் காட்டும் ஷோ கட்டளைகளை மட்டும் வைத்துப் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடியுங்கள். தேர்வில் முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. அதனால் வேகமும் பழக வேண்டியதுதான். தேர்வுக் கேள்வி-விடைகளை விற்பவர்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள். பிடிபட்டால் மதிப்பெண் ரத்தாகும், மேற்கொண்டு எழுதவே தடை வரலாம்.

கே: ரவுட்டர் வாங்க வசதியில்லை. லேப்டாப் போதுமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

ப: போதும். சிசிஎன்ஏவுக்கு, நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழகும் சிஸ்கோவின் இலவச மென்பொருளான பேக்கெட் டிரேசரே தாராளம். சிசிஎன்பி-க்கு அது பற்றாது; அதில் பிஜிபி (வெவ்வேறு நிறுவன நெட்வொர்க்குகளை இணைக்கும் நெறிமுறை) மேலோட்டமாகத்தான் இருக்கிறது. சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பில் ஐந்து நோடு (ரவுட்டர் போன்ற கருவி) வரை ஓட்டலாம். ராம் 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

கே: வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாமா? எனக்கு இனிஷியல் மட்டும்தான், சர்நேம் இல்லை.
– வாசகர், மஞ்சக்குப்பம்

ப: எழுதலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலூர், புதுச்சேரிப் பக்கம் வேண்டாம் என்போம். மழைக்காலத்தில் கரண்டும் இணையமும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில் தேர்வு மையத்தில் பதிவு செய்யுங்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். அட்டையில் தந்தை பெயர் முழுதாக இருந்து, பதிவில் வெறும் இனிஷியல் என்றால் சிக்கல். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். தவறாகப் பதிந்திருந்தால் தேர்வு நாளுக்கு முன்பே எழுதித் திருத்திக்கொள்ளுங்கள்.

கே: மகன் என்கோர் முடித்துவிட்டான். நேரே சிஸ்கோவின் நிபுணர் நிலைத் தேர்வான சிசிஐஇ எழுதப்போகிறேன் என்கிறான். அனுமதிப்பார்களா?
– ஒரு தாய், வில்லியனூர்

ப: அனுமதிப்பார்கள் அம்மா. சிசிஐஇ என்டர்பிரைஸ் லேபுக்கு (செய்முறைத் தேர்வு) என்கோர் தேறியிருந்தாலே போதும். லேப் எட்டு மணி நேரம், நேரில் போய்த்தான் எழுதவேண்டும். நமக்குப் பக்கம் பெங்களூரு. முதல் மூன்று மணி நேரம் டிசைன்: ரவுட்டரைத் தொட முடியாது, மின்னஞ்சல்களையும் வரைபடங்களையும் படித்து முடிவெடுக்கவேண்டும், விடை கொடுத்தபின் பின்னால் போக முடியாது. மீதி ஐந்து மணி நேரம் கட்டுவதும் பழுது பார்ப்பதும். மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. இரண்டு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்கியாகவேண்டும்.

வீட்டில் ஐந்து மணி நேரம் எழுந்திருக்காமல் ஒரு முழு மாதிரி லேபை அவர் முடிக்கட்டும், அதன்பிறகு பணம் கட்டுங்கள். என்கோர் தேறிய தேதியையும் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து மூன்று ஆண்டுக்குள் லேபுக்குப் போய்விடவேண்டும்.