வாசகர் கேள்வி: அடியில் துளிர்ப்பது எந்த மரம்?

கேள்வி: ஒட்டு மாங்கன்று வைத்து மூன்று மாதம் ஆகிறது. ஆழமாகக் குழி வெட்டி, பாதி மண், பாதி தொழு உரம் என்று நிரப்பித்தான் நட்டேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். மேலே ஒரு தளிர்கூட வரவில்லை. ஆனால் அடித்தண்டில் புதிதாக இரண்டு கிளைகள் கிளம்பி வேகமாக வளர்கின்றன. கன்று பிழைத்துவிட்டதா?

பதில்: வேர் பிழைத்துவிட்டது. நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய மரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல, இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். கொட்டை போட்டு முளைக்கவைத்த செடியின் மேல் நல்ல ரகத்தின் குச்சியை இணைத்துக் கட்டியதுதான் உங்கள் கன்று. இணைத்த இடம் லேசாகப் புடைத்து, சற்றுக் கோணலாக இருக்கும். அதற்குக் கீழே துளிர்ப்பதெல்லாம் கொட்டைச் செடியின் கிளை. அதை விட்டுவைத்தால் வேர் அனுப்பும் சத்து முழுவதும் அங்கேயே போய், மேல்குச்சி காய்ந்துவிடும். இன்றே தண்டை ஒட்டிக் கிள்ளிவிடுங்கள், மறுபடி வந்தால் மறுபடியும்.

அப்புறம், மேல்குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது; காத்திருக்கலாம். இணைப்பு வரைக்கும் பழுப்பாகக் காய்ந்திருந்தால் வேறு கன்று வைப்பதுதான் நல்லது. சுற்றிக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டு பருக்கும்போது அது உள்ளே இறுகி நெரிக்கும். பிளேடால் நெடுக்காக ஒரு கீறு போட்டால் கழன்றுவிடும்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் குழிதான். ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழிக்கே 10 கிலோ மக்கிய தொழு உரம் போதும் என்பதுதான் தோப்புக் கணக்கு. பாதிக்குப் பாதி போட்டால், அந்த உரம் மக்க மக்க மண் அமுங்கும், கூடவே கன்றும் கீழே இறங்கும். நட்ட அன்று வெளியே தெரிந்த ஒட்டு இப்போது மண்ணுக்குள் போயிருக்கலாம். குழி பள்ளமாகி, நீங்கள் தினமும் விடும் தண்ணீர் தண்டைச் சுற்றித் தேங்கவும் செய்யும். பட்டை அழுகுவது இப்படித்தான்.

தண்டடியில் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். ஒட்டு தரைக்கு மேல் ஒரு சாண் உயரத்திலாவது தெரிய வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் நன்றாக நனைத்து, மறுநாள் வெயில் தாழ்ந்ததும் சுற்றிலும் அகலமாகத் தோண்டி, மண்கட்டி உடையாமல் மண்வெட்டியால் ஏந்தித் தூக்குங்கள். அடியில் சாதாரண மண்ணைப் போட்டு மிதித்துவிட்டு மேடாக வையுங்கள். மூன்று மாதக் கன்று இதைத் தாங்கும். இன்னும் தள்ளிப்போட்டால் கஷ்டம்.

தினசரித் தண்ணீரையும் நிறுத்துங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நன்றாக ஊற்றுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்குப் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு கை அகலம் விட்டு.

கேள்வி: நட்ட முதல் வருடமே மாங்கன்று பூத்திருக்கிறது. பிஞ்சு பிடிக்கட்டும் என்று விடலாமா?

பதில்: மனது வராதுதான், ஆனாலும் பறித்துவிடுங்கள். ஒட்டுக்கன்று சீக்கிரமே பூத்துவிடும், அதைத் தாங்க வேரும் கிளையும் அப்போது தயாராக இருக்காது. முதல் மூன்று வருடம் பூங்கொத்துகளை எடுத்துவிட்டால் மரம் வளர்ந்து கிளை பிடிக்கும்.

கேள்வி: மதிலை ஒட்டி மா வைக்கலாமா?

பதில்: வேண்டாம். தோப்பில் மரத்துக்கு மரம் 10 மீட்டர் விடுகிறார்கள் என்றால் அது எவ்வளவு படரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடம் குறைவென்றால் மாதுளையோ கொய்யாவோ வையுங்கள். அதையும் சுவரிலிருந்து தள்ளி, பகலில் பெரும்பாலான நேரம் வெயில் விழும் பக்கமாகப் பார்த்து நடுங்கள்.