கறுப்போடு ஒரே ஒரு சிவப்பு

கேள்வி: நீர்வர்ணப் பெட்டியில் உள்ள எல்லா நிறத்தையும் பூசிப் பார்க்கிறேன், படம் சேறாகிவிடுகிறது. நிறம் பழக என்ன வழி? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் பெட்டியை மூடுங்கள். சீன ஓவியர் ச்சி பைஷியின் (1864-1957) படங்களைத் தேடிப் பாருங்கள். இளமையில் தச்சுவேலை செய்தவர். கறுப்பு மையில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தே இறாலின் கண்ணாடி உடம்பைக் காட்டிவிடுவார். பூ வரைந்தால் இலைக்கு மை, பூவுக்கு மட்டும் பளீரென்ற சிவப்பு. எனக்கு அவரது இறாலைவிடப் பூக்கள்தான் பிடிக்கும், அது வேறு கதை.

வாசலில் செவ்வரத்தை நிற்கும்தானே? இலைகளைக் கறுப்பில் மட்டும், அடர்த்தியிலிருந்து வெளிறல் வரை ஐந்து படியாகப் போடுங்கள். நன்றாகக் காயட்டும். கொழும்புப் புழுக்கத்தில் நேரமெடுக்கும். அவசரப்பட்டால் சிவப்பு கலங்கிப்போகும். அப்புறம் பூவை ஒரே தடவையில் போடுங்கள், மேலே திரும்பப் பூசவேண்டாம். இரண்டு நிறத்துக்கும் தனித்தனி டம்ளரில் தண்ணீர்.

இப்போது பாருங்கள்: சிவப்புக்குப் பக்கத்தில் உள்ள சாம்பல் லேசாகப் பச்சையாகத் தோன்றும். நம் கண் செய்கிற வேலை அது. அடுத்த தாளில் பூவை மஞ்சளாக்கினால் அதே சாம்பல் ஊதாப் பக்கம் சாயும். சீனக் கடதாசி தேடிப் புறக்கோட்டையில் அலையாதீர்கள், தடித்த சித்திரக் கொப்பி போதும்.